எந்த மொழியில் கோடு இழுப்பது? மலையகத்தில் சுருக்கெழுத்து வேலை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க விடமாட்டார்கள். என்னையும் விடவில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் தட்டெழுத்தும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய் எட்டு மாதம் பென்சில் தேய்த்தேன். படித்து முடித்தால் கோர்ட்டில் வேலை என்பதுதான் வகுப்பில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. ஓரளவு வேகம் வந்த தைரியத்தில், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு பெரியவரிடம் போய் விசாரித்தேன். அவர் சிரிக்கவில்லை, பாவம். "தம்பி, தமிழ்லயா படிச்சீங்க? இங்க ரெக்கோட் எல்லாம் சிங்களத்துலதானே. வவுனியாப் பக்கம் கேட்டுப் பாருங்க" என்றார்.

எட்டு மாதத்தில் யாருமே சொல்லாத விஷயம். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சுருக்கெழுத்து என்றால் வேகம், வேகம் வந்தால் வேலை என்று கணக்குப் போட்டிருந்தேன். மலையகத்துப் பிள்ளைக்கு வேகம் இரண்டாவது கேள்விதான். எந்த மொழியில் எழுதப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

இலங்கை நீதிமன்றங்களில் நெடுங்காலம் ஆங்கிலம்தான் இருந்தது. 1961 ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் அங்கே சிங்களத்தைக் கொண்டுவந்தது. 1973 இல் வந்த ஒரு சட்டம் வடக்கு கிழக்கில் தமிழுக்கு இடம் கொடுத்தது. இப்போது நடப்பில் இருப்பது அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, 1988 இல் 16 ஆவது திருத்தத்தால் மாற்றி எழுதப்பட்ட வடிவில். சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள் என்றுதான் அது தொடங்குகிறது. படிக்க நன்றாக இருக்கும். அடுத்த வரியிலேயே விஷயம் வருகிறது: தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளைத் தவிர மற்ற எல்லா இடத்து நீதிமன்றங்களிலும் சிங்களம் பயன்படும், பதிவேடும் நடவடிக்கையும் அந்த நீதிமன்றத்தின் மொழியில் இருக்கும். வழக்கை நீங்கள் தமிழில் தொடுக்கலாம். சிங்களம் தெரியாவிட்டால் அரசு செலவில் மொழிபெயர்ப்பு கேட்கலாம், அது உரிமை. ஆனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ பண்டாரவளையிலோ வழக்கேட்டில் ஏறுவது சிங்களம்.

இங்கே பலர் ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே தமிழில் கடிதம் கொடுத்துத் தமிழில் பதில் கேட்கலாம். "அப்படியானால் கோர்ட்டிலும் இரண்டு மொழிதானே?" என்று கேட்பார்கள். பிரதேச செயலகத்துக்கும் கோர்ட்டுக்கும் நடந்துபோகிற தூரம்தான் இருக்கும், நடைமுறை அப்படி இல்லை.

சரி, சுருக்கெழுத்தாளர் கோர்ட்டில் என்ன செய்கிறார்? ஒரு சாட்சியம் காகிதத்தில் ஏறும் வழியைப் பார்த்தால் புரியும். கூண்டில் நிற்கும் அம்மா தமிழில் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர், பழைய ஆட்கள் இன்னும் 'முதலியார்' என்றுதான் கூப்பிடுவார்கள், அதைச் சிங்களத்தில் சொல்கிறார். நீதிபதி கேட்டு, தேவையானபடி சொல்லிக்கொடுக்க, கீழே உட்கார்ந்திருக்கும் சுருக்கெழுத்தாளர் எடுக்கிறார். பிறகு அது தட்டெழுத்தாகி வழக்கேட்டில் சேர்கிறது. மேன்முறையீடு போனால் மேல் நீதிமன்றம் அந்த அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி கேட்காது. இந்தக் காகிதத்தைத்தான் படிக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சிவில் வழக்குகளில் சாட்சியத்தை வழமையாகக் கேள்வி பதிலாக எழுதுவதில்லை, கதை சொல்வதுபோல 'நான்' என்று தொடங்கி எழுதுவார்கள். முக்கியமான இடத்தில் நீதிபதி விரும்பினால் மட்டும் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதியச் சொல்லலாம். "அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போகவில்லைதானே?" என்று சட்டத்தரணி கேட்கிறார். அம்மா "இல்லீங்க" என்கிறார். 'போகவில்லை' என்கிறாரா, 'நீங்கள் சொல்வது சரியில்லை, போனேன்' என்கிறாரா? குரலையும் தலையாட்டலையும் பார்த்தவருக்குத் தெரியும். ஏட்டில் 'நான் அன்று வேலைக்குச் செல்லவில்லை' என்று ஒரு வரி விழுந்துவிட்டால் குரலும் தலையாட்டலும் போயே போய்விட்டன.

தோட்டத்து மக்களை அதிகம் பார்க்கிற இடம் தொழில் நியாய சபை, ஊர்ப்பேச்சில் லேபர் கோர்ட். 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தை 1957 இல் திருத்தியபோது உருவானது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி தானே போய் முறையிடலாம். அங்கே ஒருவர், "தொர வேலைய நிப்பாட்டிட்டாருங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொர என்றால் துரை, தோட்டத்து நிர்வாகி. தோட்டத்தில் இதற்குக் குறைந்தது இரண்டு அர்த்தம் உண்டு. விசாரணை முடியும்வரை தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் 'நிப்பாட்டுறது', ஒரேயடியாக அனுப்பிவிடுவதும் 'நிப்பாட்டுறது'. போதாக்குறைக்கு 'வேலை நிறுத்தம்' என்று எழுதிவிட்டால் அது போராட்டம்! சட்டத்துக்கு இவை மூன்றும் மூன்று திசை. 'நான் நீக்கவே இல்லை, அவராக வரவில்லை' என்று நிர்வாகம் மறுத்தால், நீக்கப்பட்டதை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழும். அப்போது அந்த ஒரு வினைச்சொல்லில்தான் அவருடைய வழக்கே தொங்கும்.

'எனக்கு அன்னைக்குப் பேர் விழல' என்பதும் அப்படித்தான். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைநாள் பதிவேட்டில், அன்றைய நாள் வேலைக்கான பதிவு விழவில்லை, அதாவது சம்பளம் இல்லை என்று பொருள். அரைப் பேர் என்றால் அரை நாள். 'மலையில நின்னேன்' என்றால் கொழுந்து பறிக்கிற இடத்தில், வேலையில் இருந்தேன் என்று அர்த்தம், மலையேறி வேடிக்கை பார்த்ததாக இல்லை. பெரட்டு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) என்று இந்தப் பட்டியல் நீளும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தமிழருக்கே இவற்றில் பாதி விளங்காது. மொழிபெயர்ப்பில் ஒரு முறை வழுக்கியது பதிவில் இன்னொரு முறை வழுக்கக்கூடாது என்றால், எழுதுகிற கைக்குச் சொந்தமான காதும் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்திருக்க வேண்டும். சிங்களச் சுருக்கெழுத்து தெரிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கே ஒரு மதிப்பு உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான். மொழிபெயர்ப்பைத் திருத்துவது சுருக்கெழுத்தாளரின் வேலை இல்லை, அந்த அதிகாரமும் இல்லை. ஆனால் சந்தேகம் வந்த இடத்தில் தலைநிமிர்ந்து ஒருமுறை பார்க்கலாம். அந்தப் பார்வையே போதும், நீதிபதி கேள்வியைத் திரும்பக் கேட்பார்.

இனி எழுத்துக்கு வருவோம். நம் பக்கம் அதிகம் புழங்குவது பிட்மன் முறை. ஐசக் பிட்மன் 1837 இல் இங்கிலாந்தில் வெளியிட்டது. அதன் அடிப்படை ஒன்றுதான்: எழுத்துக்கூட்டலை மற, காதில் விழுந்த ஒலியை எழுது. ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஒரு சிறு கோடு அல்லது வளைவு. ஒரே கோட்டை மெல்லியதாக இழுத்தால் 'ப', அழுத்தி இழுத்தால் ஆங்கில 'பி' எழுத்தின் கனத்த ஒலி. தமிழில் பார்வைக்கு ஒரே 'ப'தான், ஆனால் 'பல்' என்பதிலும் 'பஸ்' என்பதிலும் நாம் எழுப்பும் ஒலி வேறு. நம் எழுத்து மறைத்து வைத்த வித்தியாசத்தைச் சுருக்கெழுத்து வெளியே இழுத்துப் போடும். எனக்கு அந்த எட்டு மாதத்தில் மிகவும் பிடித்தது இதுதான். பேசுகிற தமிழை முதன்முறையாகக் காதால் கேட்டேன் என்று தோன்றியது.

அழுத்தி இழுப்பது, மெல்ல இழுப்பது என்பதால் குமிழ்முனைப் பேனா உதவாது. எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் தரும். மென்மையான பென்சில் வேண்டும், நாலைந்தை முன்கூட்டியே சீவி வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் முனை முறிந்தால் சீவ நேரம் இருக்காது.

உயிரொலிகளைப் புள்ளியாகவும் சிறு கீறலாகவும் பக்கத்தில் போடலாம். வேகத்தில் யாரும் போடமாட்டார்கள். மலை, மாலை, மூலை, மேலே எல்லாமே 'ம'வும் 'ல'வும்தான், எலும்புக்கூடு ஒன்றே. அதனால் எழுதும் இடத்தை வைத்து வித்தியாசம் காட்டுவார்கள்: தாளில் அச்சிட்ட கோட்டுக்கு மேலே, கோட்டின் மீது, கோட்டை வெட்டிக்கொண்டு. முதல் உயிரொலி எது என்பதை அந்த இடம் சொல்லிவிடும். மீதியைச் சூழல் சொல்லும். சூழல் தெரியாதவருக்கு அது சொல்லாது. 'மாலை மலையில் நின்றேன்' என்று ஒருவர் சொன்னதை மூன்று நாள் கழித்துத் தன் குறிப்பிலிருந்தே வாசிக்க முடியாமல் விழிப்பது எனக்கு நேர்ந்திருக்கிறது. எடுத்ததை அன்றே முழு எழுத்தில் பெயர்த்துவிடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதை மீறியவர்களுக்குத்தான் காரணம் தெரியும்.

அப்புறம் சொற்குறிகள். அடிக்கடி வரும் சொல்லுக்கு ஒரே கோடு, அடிக்கடி சேர்ந்து வரும் தொடருக்குப் பென்சிலைத் தூக்காமல் ஒரே இழுப்பு. 'கனம் நீதிபதி அவர்களே' என்பதை முழுதாக எழுதுகிற சுருக்கெழுத்தாளரை நான் பார்த்ததில்லை.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று வேகத்தை அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சாதாரணப் பேச்சே நிமிடத்துக்கு 120 முதல் 160 சொல் வரை ஓடும். கையால் முழுதாக எழுதினால் முப்பதைத் தாண்டுவது சிரமம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் சுருக்கெழுத்தே பிறந்தது. ஆனால் தமிழில் 'எழுதிக்கொண்டிருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது' என்பது இரண்டு சொல். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் ஏழெட்டுச் சொல் ஆகும். ஆகவே தமிழில் 80 எடுக்கிற ஒருவரை ஆங்கிலத்தில் 80 எடுக்கிறவரோடு வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. தமிழில் 60 எடுத்தாலே கை நோகும். முதல் மாதங்களில் எண்ணிக்கையைப் பார்த்து மனம் உடைந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

சிங்களத்தில் இதை 'லகு லேகன' என்பார்கள். ஒலிவழி எழுத்து என்பதால் ஒரு மொழியில் கை பழகியவருக்கு இன்னொன்று அவ்வளவு அந்நியமாக இருக்காது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சிங்களம் பேச வரும், கடையில், பஸ்ஸில், நண்பர்களோடு சரளமாக வரும். எழுதச் சொன்னால் கை நிற்கும். பேச்சுச் சிங்களமும் எழுத்துச் சிங்களமும் நம் தமிழைப்போலவே வேறுவேறு. 'நான் போனேன்' என்பதைப் பேச்சில் 'மம கியா' என்று முடித்துவிடலாம், எழுத்தில் 'மம கியெமி' என்று வினைக்கு வால் முளைக்கும். நீதிமன்றப் பதிவு எழுத்து நடையில் இருக்கும். தோட்டப் பாடசாலைகளில் இரண்டாம் மொழிப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் வருடம் கழிவது நமக்குத் தெரிந்த கதைதான். ஆகவே சுருக்கெழுத்து வகுப்புக்கு முன்னால் ஒரு வருடம் சிங்களம் எழுதிப் பழகுவது எட்டு மாதப் பென்சிலை மிச்சப்படுத்தும்.

தமிழிலேயே எடுக்க விரும்புகிறவர்களுக்கு வாசல் இல்லை என்று சொல்லவரவில்லை. வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் பதிவு தமிழில். 1977 இலும் 1983 இலும் இனக்கலவரங்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம் சனம் அங்கே நிறைய உண்டு. உறவு இருக்கிற ஊரில் வேலை பார்ப்பது பெரிய கஷ்டமாகவும் இருக்காது. அடுத்தது பாராளுமன்றம். ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்ற விவாதப் பதிவேட்டில், உரைகள் பேசிய மொழியிலேயே அச்சாகும், எனவே தமிழில் பேசும் உறுப்பினர் இருக்கும்வரை தமிழில் எடுக்க ஆள் வேண்டும். பதவிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, போட்டி கடுமை. மாகாண சபைகளும் ஒரு காலத்தில் ஒரு வழியாக இருந்தன. மத்திய மாகாணத்தில் 2013 க்குப் பிறகும் ஊவாவில் 2014 க்குப் பிறகும் தேர்தல் நடக்காத நிலையில் அதைப் பற்றி இப்போது பேசிப் பலனில்லை.

தோட்ட அலுவலகத்தை நம்ப வேண்டாம். துரை சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்துக் கடிதம் அடிக்கிற காலம் போய்விட்டது. தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளிடம் கைமாறின, தலைமை அலுவலகங்கள் கொழும்பில் இருக்கின்றன, கடிதமெல்லாம் மின்னஞ்சல். ஆனால் ஒன்று மாறவில்லை. தோட்டத்தில் பேனா பிடித்தவருக்கு எப்போதுமே ஒரு தனி இடம். செக்ரோலில் பேர் போடுகிறவர் கையில் ஒரு குடும்பத்தின் ஒருநாள் சம்பளம். கிளாக்கர் வீட்டுப் பிள்ளை, லயத்துப் பிள்ளை (தொழிலாளர் வரிசை வீடுகள்தான் லயம்) என்ற பேதம் எங்கள் சின்ன வயதில் பட்டப்பகலில் நின்றது. லயத்திலிருந்து ஒருவர் கோர்ட்டில் எழுதுகிற இடத்தில் உட்காரும்போது அதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

விண்ணப்பிக்கிற வழி சிக்கலானதல்ல, பொறுமைதான் வேண்டும். நீதிமன்றங்களில் பணிபுரியும் சுருக்கெழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், எழுதுவினைஞர் போன்றோர் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கீழ் வருகிறார்கள். அரச வேலை அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும், இணையத்திலேயே மூன்று மொழியிலும் பார்க்கலாம். அறிவித்தலில் 'சிங்களம்', 'தமிழ்', 'ஆங்கிலம்' என்று மொழி போட்டிருக்கும். அந்தச் சொல்லை இரண்டு தரம் வாசியுங்கள். கேட்கும் வேகம், வயதெல்லை, சாதாரண தரத்தில் எந்தப் பாடத்துக்குத் திறமைச் சித்தி வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு அறிவித்தலுக்கும் மாறும். போன வருடம் அண்ணன் விண்ணப்பித்த கணக்கு இந்த வருடம் செல்லாது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்தப் பரீட்சைகளை அரசகரும மொழிகள் திணைக்களம் நடத்துகிறது. முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் நல்லது.

படிக்கத் தனியார் வகுப்பு உண்டு, அரச தொழில்நுட்பக் கல்லூரிகளும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே எந்த மொழியில் கற்பிக்கிறார்கள், சான்றிதழ் அரச வேலைக்குச் செல்லுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நான் வெட்கப்பட்டேன், எட்டு மாதம் போனது.

தட்டெழுத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கைப்பேசியில் ஆங்கில எழுத்தை அமுக்கித் தமிழ் வரவைக்கும் பழக்கம் இங்கே உதவாது. தமிழுக்கு இலங்கையில் தரப்படுத்தப்பட்டது ரெங்கநாதன் விசைப்பலகை, சிங்களத்துக்கு விஜேசேகர. இரண்டும் பழைய தட்டெழுத்துப் பொறியின் வழி வந்தவை. விரல் ஒருமுறை பிழையாகப் பழகினால் திருத்துவது புதிதாகப் பழகுவதைவிடச் சிரமம்.

இயந்திரமே கேட்டு எழுதிவிடுமே, இந்த வேலை எத்தனை நாளைக்கு என்று கேட்கிறார்கள். ஒருவர் மட்டும், அமைதியான அறையில், எழுத்துத் தமிழில் பேசினால் இயந்திரம் நன்றாகவே எழுதுகிறது. கோர்ட்டில் மின்விசிறி சுற்றும், இரண்டு சட்டத்தரணிகள் ஒரே நேரத்தில் எழும்புவார்கள், சாட்சி தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார், நடுவில் 'செக்ரோல்' என்பார். இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்கவும் இரண்டு மொழியும் தெரிந்த ஆள்தான் வேண்டும். வேலையின் வடிவம் மாறும், அது நிச்சயம். இன்னும் இருபது வருடம் இதே பென்சிலோடு இருக்கலாம் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

எங்கள் சின்னம்மா மகள் இப்போது சிங்களத்தில் சுருக்கெழுத்து படிக்கிறாள், தலவாக்கலைப் பக்கம் இருக்கிறாள். காலையில் வானொலியில் சிங்களச் செய்தி எடுப்பாள். சாயந்திரம் பாராளுமன்ற இணையத்தளத்திலுள்ள ஹன்சாட்டில் ஒரு பக்கத்தைத் தம்பி கையில் கொடுத்து, நூறு சொல்லுக்கு ஒரு கோடு போட்டு, கைப்பேசியில் நேரம் வைத்து வாசிக்கச் சொல்லி எடுப்பாள். தம்பிக்கு அலுப்பு, கூலி ஒரு ஐஸ்கிரீம். போன மாதம் போயிருந்தபோது அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். சும்மா பயிற்சிக்காகத் தோட்டத்துப் பேச்சைச் சிங்களத்தில் எழுதிப் பார்த்திருக்கிறாள். ஒரு வரி அடித்திருந்தது. "அது என்னம்மா?" என்றேன்.

"பேர் விழலண்ணே. மொதல்ல அப்படியே பெயர் விழவில்லைன்னு சிங்களத்துல எழுதினேன். அப்புறம் அடிச்சிட்டு, வேலைநாள் பதியப்படவில்லைன்னு போட்டேன். அதுவும் சரியா வரல."

அந்த இரண்டாவது வரியைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.